எண்ணெய் முறை

யோகராணியின் முகம் கிழிபட்டபோது நான் கோயம்புத்தூரில் ஒரு சாய்வு நாற்காலியில் படுத்திருந்தேன். காலை ஆறு இருபது. தலையில் கவசம், காலில் நிறுவனம் தந்த வெள்ளைக் காலுறை. எனக்கும் என் மனைவிக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர் தூரமும் ஒரு மூடிய மலையும் இருந்தன. ஆனாலும் அவள் அலறியது என் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் கேட்டது. அவளுடைய ரத்தம் என் மூக்கில் ஏறியது. அந்த நேரத்தில் நான் கரடிக்குள் இருந்தேன்.

மலையை மூடி ஆறு வருடம் ஆகிறது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே சுற்றுலாப் பேருந்து கிடையாது, கார் கிடையாது. விடுதிகளை இடித்து அந்த இடங்களில் சோலை மரங்களை நட்டுவிட்டார்கள். மலையில் வாழ்பவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் மட்டும் இருக்கலாம். மற்றவர்கள் பார்ப்பதற்கு வேறு வழி வந்திருந்தது. மென்தடம் என்ற நிறுவனம் காட்டு விலங்குகளின் மண்டைத் தோலுக்குக் கீழே மெல்லிய வலை ஒன்றைப் பொருத்தியிருந்தது. அந்த விலங்கு பார்ப்பதை, கேட்பதை, முகர்வதை, எங்கேயோ ஒரு நகரத்தில் கண்மூடிப் படுத்திருப்பவர் நாற்பது நிமிடத்துக்குத் தானும் பார்க்கலாம், கேட்கலாம், முகரலாம். புகை இல்லை, குப்பை இல்லை, ஒரு புல்கூட மிதிபடாது. யானைக்குத்தான் கூட்டம் அதிகம். அடுத்தது சிறுத்தை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளின் மாரியம்மன் திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடு. அன்றைக்கு அந்த ஆட்டை வெட்டமாட்டார்கள் என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

நான் வாங்கியது ஏழாம் எண் கரடி. அது எங்கள் கரடி.

எங்கள் லைன் தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில் இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடுகள். எல்லாம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். லைனின் கடைசியில் ஒரு முனியாண்டி கோயில். விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிப்பதற்காகக் கரடி அந்தக் கோயில் கதவை உடைத்துக்கொண்டே இருந்தது. மூன்று கதவுகள் போன பிறகு எங்கள் ஆட்களுக்கு ஒரு யோசனை வந்தது. எண்ணெயை வெளியே வைத்துவிட்டால் கரடி ஏன் கதவை உடைக்கப் போகிறது? அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரர் விடிகிற நேரத்தில் கோயில் வாசலில் உள்ள மண்சட்டியில் எண்ணெயை ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பதினைந்து வருடமாகக் கரடி குடித்துவிட்டுப் போகிறது. யாரையும் ஒரு கீறல் கீறியதில்லை.

லைன் வீடு கையில் இருக்க வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவராவது கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் யோகராணி மேலே இருந்தாள். நான் கீழே ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை செய்தேன். கீழே வேலைக்குப் போனவனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் மலைக்குப் போகச் சீட்டு தருவார்கள். நான் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. போனில் முகம் பார்க்கலாம்தான். ஆனால் போனில் தெரிவது யோகராணியைப் போன்ற ஒரு படம். அதற்குப் பின்னால் கை விட்டால் சுவர்.

இருபத்தோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டு முறை. பேச்சோடு பேச்சாக அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைய காலைக்குச் சீட்டு வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், உங்களுக்குப் பைத்தியமா என்பாள்.

கரடியின் கண் மோசமான கண். பத்தடிக்கு அப்பால் உலகம் முழுக்க மூடுபனி. ஆனால் அந்த மூக்கைப் பற்றி எப்படிச் சொல்வது? அதற்கு முன்பு நான் எதையுமே முகர்ந்ததில்லை என்று தோன்றியது. ஈரமண்ணில் ஒவ்வொரு வேரும் தனித்தனியாக மணந்தது. பிறகு எண்ணெய். பிறகு அவள். கொழுந்தின் பச்சை, விறகுப் புகை, வேப்பஞ்சோப்பு, மேலே லேசாக ஏதோ பவுடர். இவற்றுக்கெல்லாம் அடியில் பெயரில்லாத ஒன்று, அவளுடையது மட்டுமான ஒன்று. போன முறை கொண்டுவந்த அவளுடைய சால்வையில் நான் தேடித் தேடித் தீர்த்துவிட்ட வாசனை.

அவள் முதுகு தெரிந்தது. குனிந்து எண்ணெயை ஊற்றினாள். நிமிர்ந்தாள். நடக்கத் தொடங்கினாள்.

திரும்பு, என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை. என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

அவள் திரும்பினாள்.

அவள் உருவம் பெரிதானது. மேலும் பெரிதானது. கரடியின் கைகால் நமக்குக் கிடையாது. கண்ணும் காதும் மூக்கும் மட்டும்தான். கரடி அவளை நோக்கிப் போகிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பனிக்குள்ளிருந்து கன்னம் வந்தது, மூக்குத்தி வந்தது. அவள் சிரிக்கிறாளோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இன்னும், என்று நினைத்தேன். இன்னும் கிட்டே.

பிறகு காட்சி ஓர் ஆள் உயரத்துக்கு மேலே எழுந்தது.

கரடி முகத்தைத்தான் எடுக்கும். மலையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். முதல் வீச்சில் அவள் காது சால்வையோடு சேர்ந்து போனது. இரண்டாவதில் அவள் விழுந்தாள். அதற்குப் பிறகு கரடியின் வாய் அவள் முகத்தின் மேல் இருந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, என் மண்டைக்குள்ளிருந்து வந்தது. நான் கண்ணை மூடப் பார்த்தேன். மூடுவதற்கு அங்கே என் கண் இல்லை. யாரோ தகரத்தை அடித்துக்கொண்டு கத்தியபடி ஓடி வந்தார்கள். காட்சி தடதடவென்று ஆடியது. தேயிலைச் செடிகள், பாறை, மரம். அங்கே கரடி நின்று மூக்கை நக்கிக்கொண்டது. அந்த ரத்த வாடையும் எனக்கு வந்தது.

“எந்திரிக்காதீங்ணா, தலை சுத்தும்.”

ஹசீனா என்ற பெண். நாற்காலிக்காரர்களைக் கவனிப்பது அவள் வேலை. கவசத்தைக் கழற்றியதும் நான் வாந்தி எடுத்தேன். அவள் முகம் சுளிக்காமல் துடைத்தாள். திரையில் நடந்ததை அவளும் பார்த்திருந்தாள். கரடியிடம் சிக்கிய பெண் யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

“இங்கிருந்து அங்க போகுமாம்மா?”

“என்னதுங்ணா?”

“நான் நினைக்கிறது. கரடிக்குப் போகுமா?”

அவள் கதவைப் பார்த்தாள். “போகாதுன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க.”

“நீ என்ன சொல்றே?”

“நான் பி.காம். படிச்சவ, எனக்கென்ன தெரியுமுங்ணா.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒரு பரிசல்ல ரெண்டு பேரு போறாங்கன்னு வைங்க. துடுப்பு ஒருத்தரு கையிலதான். இன்னொருத்தரு சும்மா உக்காந்திருக்காரு. அவரு திடீர்னு எந்திரிச்சு நின்னா பரிசல் ஆடுமா, ஆடாதா?”

“ஆடும்.”

“போன மாசம் ஒரு அம்மா யானைக்குள்ள இருந்துக்கிட்டு அழுதாங்க. அந்த யானை அரை மணி நேரம் நின்ன எடத்துலயே நின்னுச்சு. இவங்க அழுததுனாலயா, இல்ல அதுக்கே நிக்கணும்னு தோணுச்சான்னு யாரு கண்டா.” ஒரு தாளை நீட்டினாள். “இதுல கையெழுத்துப் போட்டுருங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருந்தேன்னு. போட்டா உங்க பேரு வெளிய வராது. போடலைன்னா போலீசு, பேப்பருன்னு எல்லா எடத்துக்கும் போகும்.”

நான் கையெழுத்துப் போட்டேன். யோகராணி உயிரோடிருந்தால் அவளுக்கு இது தெரியக்கூடாது. அந்தக் காலையில் எனக்கு இருந்தது அந்த ஒரே எண்ணம்தான். அவள் செத்துக்கொண்டிருக்கிறாளா என்பதுகூட அதற்குப் பிறகுதான்.

ஒன்பது மணிக்கு எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. “எப்படி?” என்று கேட்டேன். அந்த ஒரு சொல்லை நான் அதற்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். சரியாகவே வந்தது.

அவசரச் சீட்டு கிடைத்து வியாழக்கிழமை மேலே போனேன். மலை ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு அறுவைச் சிகிச்சைகள் முடிந்திருந்தன. வலது கண் இல்லை, வலது காது இல்லை, கன்னத்தை அவள் தொடையிலிருந்து எடுத்த தோலால் மூடியிருந்தார்கள். மயக்கத்தில் இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளை முகர்ந்து பார்த்தேன். மருந்து நாற்றம் மட்டும்தான் வந்தது. மனித மூக்கு எவ்வளவு குறைவானது என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்னை வெறுத்தேன்.

வெளியே அவள் தம்பி புவனேந்திரன் உட்கார்ந்திருந்தான். தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கவாத்து வெட்டுகிற வேலை அவனுக்கு. இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை. சட்டையில் அக்காவின் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது.

“கரடியை என்ன பண்ணப் போறாங்க?” என்று கேட்டேன்.

“கரடியை எதுக்கு மச்சான் பண்ணணும்? என் கையால எத்தனை தடவை எண்ணெய் குடிச்சிருக்கு. அன்னிக்கு அது கரடியா இல்ல. உள்ள ஒருத்தன் இருந்தான்.”

“அவன் பாக்கத்தான் முடியும்னு சொல்றாங்களே.”

“யாரு சொல்றா? சீட்டு விக்கிறவன் சொல்றான்.” எழுந்து போய்ச் சன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்தான். “பொம்பளை தனியா வர்றதப் பாத்திருக்கான். என்ன நினைச்சானோ நாயி. எந்த ஊருல மெத்தையில படுத்துக்கிட்டு நினைச்சானோ. எனக்கு அவன் பேரு வேணும். பேரு கெடைச்சா இந்த மலையை விட்டு எறங்கிப் போயி அவன் மூஞ்சியை எடுத்துட்டு வருவேன். நீங்களும் வரணும்.”

“வர்றேன்,” என்றேன்.

“பேரு பெள்ளிக்குத் தெரியும்.”

பெள்ளிராஜ் ஒரு படுகர், பக்கத்தில் ஹட்டி என்று சொல்லும் அவர்கள் ஊரைச் சேர்ந்தவர். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. மென்தடம் அவரை எங்கள் பகுதிக்கு வழித்துணையாக வைத்திருந்தது. எந்த விலங்குக்குள் எந்த நேரம் யார் வருகிறார் என்ற பெயர்ப் பட்டியல் முதல் நாளே அவருக்கு வந்துவிடும். லைன் முனையில் மஞ்சள் கொடி ஏற்றுவார். கொடி ஏறினால், எண்ணெய் வைப்பவரைத் தவிர யாரும் வெளியே வரக்கூடாது. செவ்வாய்க்கிழமை தகரத்தை அடித்துக்கொண்டு ஓடி வந்து கரடியை விரட்டியவரும் அவர்தான். எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

“அவருதானேடா காப்பாத்தினாரு?”

“லேட்டாக் காப்பாத்தினான்,” என்றான் புவனேந்திரன்.

வெள்ளிக்கிழமை காலை பெள்ளிராஜ் தானாகவே வந்தார். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் லைன் சனம் முழுக்கக் கூடியிருந்தது. நல்ல வெயில். தலைகாணித் துணிபோல வெளுத்த மேகங்கள். கூடையை மாட்டிய பெண்கள் ஒரு பக்கம், கத்தியும் கடப்பாரையும் வைத்திருந்த ஆண்கள் ஒரு பக்கம். பெள்ளிராஜ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல், போனிலிருந்து வாசித்தார்.

“கம்பெனி வருத்தம் தெரிவிச்சிருக்கு. ஆஸ்பத்திரிச் செலவு அவங்களுது. அப்புறம்…” நிறுத்தினார். “எண்ணெய் வைக்கிறத நிறுத்த வேணாம்னு கேட்டிருக்காங்க. ஏழாம் எண்ணுக்கு நாலு மாசத்துக்குச் சீட்டு முடிஞ்சு போச்சாம்.”

“என்னத்தப் பாக்க வர்றாங்களாம்?” கூடைக்காரிகளில் ஒருத்தி கேட்டாள்.

பெள்ளிராஜ் கண்ணைப் போனிலேயே வைத்திருந்தார். ரத்தத்தைப் பார்க்கத்தான் என்று எல்லாருக்கும் புரிந்துபோயிற்று.

புவனேந்திரன் போய் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினான். அது பூட்டிக்கொண்டது. “தொற.”

“வேணாம் புவனா.”

“யாருடா அவன்?”

“நான் கம்பெனிக்காகச் சொல்லல. உனக்காகத்தான் சொல்றேன். வேணாம்.”

“எனக்கு என்ன ஆகணும்னு நீ சொல்லாத. பேரைச் சொல்லு.”

பெள்ளிராஜ் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். யாரையோ தேடினார். அவர் பார்வை முகம் முகமாக வந்து என்மேல் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு தரையைப் பார்த்தார். “சொல்ல முடியாது.”

அவருக்குத் தெரியும். பட்டியலில் குணரத்தினம் என்ற என் பெயரைப் பார்த்தவர், அது எந்தக் குணரத்தினம் என்று யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது.

இரண்டு பேர் அவர் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். புவனேந்திரன் கவாத்துக் குவியலிலிருந்து ஒரு கட்டையை உருவி என் கையில் கொடுத்தான். “உங்க பொண்டாட்டி மச்சான். மொத அடி உங்களுது. அவனாச் சொல்லுவான்.”

“குணா,” என்றார் பெள்ளிராஜ். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

நான் வாயைப் பார்த்து அடித்தேன்.

தேயிலைக் கட்டை சின்னதாக இருந்தாலும் கல்போல இருக்கும். உதடு பிளந்தது. பல் ஒன்று என் செருப்பின் மேல் விழுந்தது. அவர் மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி அங்கேயே அடித்தேன். அவர் என் பெயரைச் சொல்ல வந்தாரா, வலியில் கத்த வந்தாரா, எனக்குத் தெரியாது. அந்த வாயிலிருந்து எதுவும் வரக்கூடாது என்பது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. மூன்றாவது அடி நெற்றிப்பொட்டில் இறங்கியது. பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். அவர் கீழே சாய்ந்தார், கண் திறந்தே இருந்தது.

அதற்குப் பிறகு நான் அடிக்க வேண்டியிருக்கவில்லை. லைன் ஆட்கள் வந்தார்கள். கட்டை, கடப்பாரையின் மழுங்கிய முனை, ஒருவனுடைய ரப்பர் பூட்ஸ். நான் நேற்றுவரை இவர்கள் கையால் டீ வாங்கிக் குடித்தவன். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் அடிப்பதற்கு முன் யோகராணியின் பெயரைச் சொன்னார்கள். “செத்துருவான், விடுங்க” என்று அந்தக் கூடைக்காரிதான் நடுவில் வந்து விழுந்தாள். அவள் முழங்கையிலும் ஓர் அடி பட்டது. பிறகு எல்லாரும் நின்று மூச்சு வாங்கினார்கள். யாரோ ஸ்கூட்டரைப் பள்ளத்தில் உருட்டினார்கள்.

புவனேந்திரன் அழுதுகொண்டே என் தோளில் கை போட்டான். “இப்பத்தான் மச்சான் நீங்க எங்காளு,” என்றான்.

மதியம் நர்ஸ் போன் செய்தார். யோகராணி கண் விழித்துவிட்டாள், உங்களைக் கேட்கிறாள் என்று. நான் குழாயடியில் கை கழுவினேன். நகத்துக்கு அடியில் இருந்தது போகவில்லை.

இடது கண் மட்டும் கட்டுக்கு வெளியே இருந்தது. அது என்னைப் பார்த்ததும் கொஞ்சம் சுருங்கியது. உதட்டில் தையல். பேச்சு மெதுவாக, காற்றாக வந்தது.

“எப்ப வந்தீங்க?”

“நேத்து.”

“அதுக்கு முன்னாடி?”

எனக்குப் புரியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

“செவ்வாக்கிழமை வந்தீங்கள்ல,” என்றாள்.

அறையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தவிர வேறு எதையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“பெள்ளியண்ணன் சொன்னாரு. திங்கக்கிழமை கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு வந்து, உன் புருசன் பேரு நாளைக்கு லிஸ்ட்ல இருக்கு, உங்கிட்ட சொன்னானா, கள்ளப்பயன்னு சிரிச்சாரு. யாருகிட்டயும் சொல்லிராத, வேலை போயிரும்னாரு.” மூச்சு வாங்கினாள். “எனக்குத் தூக்கமே வரல. விடியறதுக்குள்ள குளிச்சுப் பவுடர் போட்டேன். கரடிக்குப் பவுடர் போட்டுக் காட்டுன மொத ஆளு நான்தான்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. நான் துடைக்கவில்லை. என் கையை அவளுக்குக் காட்ட முடியாது.

“நான்தான் திரும்புன்னு நினைச்சேன் ராணி,” என்றேன். “நான் நினைச்சதுனாலதான் அது உங்கிட்ட வந்துச்சு. நான்தான்…”

“அது எங்க வந்துச்சு?”

“கிட்ட வந்துச்சே. உன் மூக்குத்தி தெரிஞ்சுச்சு.”

“அது எண்ணெய்ச் சட்டிகிட்டயே நின்னுச்சு. அசையவே இல்ல. நான்தான் நடந்தேன். அஞ்சாறு எட்டு வச்சேன். கரடிக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்பாங்கள்ல. உங்களுக்கு நல்லாத் தெரியட்டும்னு கிட்டப் போனேன்.” அந்த ஒரு கண் என்னைப் பார்த்தது. “தெரிஞ்சேனா?”

“தெரிஞ்சே.”

“நல்லா?”

“நல்லாத் தெரிஞ்சே.”

அவள் கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த அறையில் நான் எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. நான் நினைத்தது கரடிக்குப் போனதா, போகவில்லையா, இனி எந்த ஹசீனாவும் எனக்குச் சொல்ல முடியாது. யோகராணி வந்தது கரடியிடம் இல்லை, என்னிடம். அதை மட்டும் தெரிந்துகொண்டேன்.

“பெள்ளியண்ணனை யாரும் ஒண்ணும் சொல்லிராமப் பாத்துக்கங்க,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “புவனா முரடன். அந்த மனுசன் பாவம், தன்னாலதான்னு நினைச்சு அழுதுக்கிட்டு இருப்பாரு. வரச் சொல்லுங்க. நான் பேசறேன்.”

“சரி,” என்றேன்.

வெளியே நடைவழியின் கடைசியில், அறுவைச் சிகிச்சை அறைக்கு எதிரே, பெள்ளிராஜின் மனைவி மாதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படுகப் பெண்களின் வழக்கப்படி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். பக்கத்தில் அவருடைய மூன்று அண்ணன்கள் சுவரோடு நின்றார்கள். ஹட்டியிலிருந்து ஆட்கள் வாசலில் கூடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டிருக்கலாம். மாதி என்னைப் பார்த்துவிட்டாள்.

“குணா அண்ணா, வாங்க. அவங்களுக்கு எப்படி இருக்கு?”

“முழிச்சிட்டா.”

“நல்லது. உக்காருங்க.” ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு தம்ளர் காப்பி ஊற்றி என் கையில் வைத்தாள். “மூணு நாளா இவரு சாப்பிடவே இல்ல. தங்கச்சி மொகம், தங்கச்சி மொகம்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. இன்னிக்குக் காலையில போகாதீங்கன்னேன். போயே ஆகணும்னாரு. யாரோ கூட்டமா அடிச்சிருக்காங்க. யாருன்னு கேட்டா லைன்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல.” என் முகத்தைப் பார்த்தாள். “குடிங்க, ஆறிடும்.”

கதவு திறந்து ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயது, கண்ணாடி மேலேறி நெற்றியில் இருந்தது. “இவரை அடிச்சப்ப யாராச்சும் பாத்தீங்களா?”

டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“எனக்குப் பேரெல்லாம் வேணாங்க, அது போலீஸ் வேலை. உள்ள ரத்தம் ரெண்டு எடத்துல கட்டியிருக்கு. எந்த அடி மொதல்ல விழுந்துச்சு, எதால விழுந்துச்சு, அதுக்கப்புறம் நினைவோட இருந்தாரா? அது தெரிஞ்சா எதை மொதல்ல தொறக்கறதுன்னு முடிவு பண்ணலாம். தெரியலைன்னா குருட்டாம்போக்குலதான் கை வைக்கணும்.”

மாதி அண்ணன்களைப் பார்த்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரிய அண்ணன் கையை விரித்தார்.

டாக்டர் திரும்பிக் கதவைத் தள்ளினார்.

“எனக்குத் தெரியும்,” என்றேன்.

அவர் நின்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “சொல்லுங்க.”

“மொத அடி வாயில. தேயிலைக் கட்டை, முழங்கை நீளம். ரெண்டாவதும் வாயிலதான். மூணாவது இடது பொட்டுல. அதுக்கு மேலதான் கீழ விழுந்தாரு. ஆனா நினைவு இருந்துச்சு. கண்ணு தெறந்திருந்துச்சு. என்னைப் பாத்தாரு.”

“அவ்வளவு பக்கத்துல இருந்தீங்களா?”

“அந்த மூணும் நான் அடிச்சது.”

தம்ளர் என் கையிலிருந்து எப்போது போனது என்று தெரியவில்லை. காப்பி சட்டையிலும் சுவரிலும் தெறித்திருந்தது. பெரிய அண்ணன் என் கழுத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொருவர் கை மடங்கி உயர்ந்தது. மாதி பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவர்களிடம் படுக மொழியில்தான் சொன்னாள். எனக்கு அந்த மொழி அரைகுறை. ஆனால் இது புரிந்தது.

கையை எடு, அவன் முதலில் சொல்லி முடிக்கட்டும்.